ஆறாவது ரிங்கட்

வவுனியாவில் அந்தக் காலத்தில் தொலைபேசியில் பேசியவர்களைவிட, அடித்துவிட்டுப் பேசாமல் துண்டித்தவர்களே அதிகம். அதற்கு ரிங்கட் என்று பெயர். ஒரு முறை அடித்துத் துண்டித்தால் பஸ் ஏறிவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு முறை என்றால் போய்ச் சேர்ந்துவிட்டேன். கலியாண வீட்டுக்குப் போனவர், ஆஸ்பத்திரிக்குப் போனவர், விசா அலுவலாகக் கொழும்புக்குப் போனவர் எல்லோரும் இப்படித்தான் வீட்டோடு கதைத்தார்கள். இதில் செலவும் இல்லை, பொய் சொல்ல இடமும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரேயொரு நிபந்தனை உண்டு. அடிக்கிறவரின் இலக்கம் திரையில் தெரிய வேண்டும். இலக்கம் தெரியாவிட்டால் அது வெறும் சத்தம். அதோடு சமாதானம் என்ற பேச்சு மெல்ல மெல்ல நின்றுகொண்டிருந்த வருடம் அது. இலக்கம் தெரியாத அழைப்பை ஒருவரும் எடுப்பதில்லை. எடுத்தவர்கள் சிலர் மறுகிழமையே வீடு மாறிப் போன கதைகள் ஊரில் இருந்தன. அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நான் குருமன்காட்டுச் சந்திக்குக் கிட்ட ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் வேலை செய்தேன். பலகையில்தான் அந்தப் பெயர். சனம் சொல்வது கொமினிக்கேசன். உள்ளே நின்று தொலைபேசியில் கதைக்க மூன்று கண்ணாடிக் கூடுகள், இரண்டு கணினிகள், ஒரு போட்டோகொப்பி மெசின். முதலாளி முல்லைத்தீவு முஸ்லிம் மனிதர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்து இந்தக் கடையைப் போட்டவர். நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். அவருக்குக் கணினி தெரியாது, எனக்கு வியாபாரம் தெரியாது. அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கொழும்பில் ஒரு கணினிப் படிப்பை முக்கால்வாசி முடித்துவிட்டு வந்திருந்தேன். முக்கால்வாசி தெரிந்தவனுக்கு இருக்கிற திமிர் முழுதும் தெரிந்தவனுக்கு இருப்பதில்லை. எனக்கு அது தாராளமாக இருந்தது. யாராவது ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் முகம் சுழிப்பேன்.

கடையில் நான் செய்துவைத்த பெரிய காரியம் பாரிஸ் அழைப்பு. வெளிநாட்டு இணையத் தொலைபேசிக் கம்பனி ஒன்று எங்களுக்கு ஒரு பாரிஸ் இலக்கம் தந்திருந்தது. அங்கே இருப்பவர் அந்த இலக்கத்துக்கு அடித்தால் அவருக்கு அது உள்ளூர் அழைப்பு. அது இணையத்தின் வழியாக எங்கள் கடைக் கணினிக்கு வரும். அடித்தவரின் இலக்கத்தைக் கணினி பார்க்கும். பட்டியலில் அவருடைய வீடு எது என்று தேடும். பிறகு இன்னொரு கம்பனியின் ஊடாக அந்த வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பைத் திருப்பிவிடும். வீட்டில் ஆள் எடுக்கும்வரை யாருக்கும் செலவில்லை. ஆகவே ரிங்கட்டும் பாரிஸிலிருந்து வவுனியாவுக்குச் சும்மா வந்துபோகும். பதினொரு வீடுகள் இப்படி எங்களை நம்பியிருந்தன.

இரண்டாவது கம்பனியை நாங்கள் மாற்ற வேண்டி வந்தது. பழைய கம்பனியில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. புதியதில் குரல் நன்றாக இருந்தது. ஆனால் எல்லா வீட்டுத் திரையிலும் ஒரே இலக்கம் வந்தது. எங்கள் கடை இலக்கம். ஒருவர் எழுதிய கடிதத்தை நாங்கள் வாங்கி, வேறு உறையில் போட்டு, அனுப்புநர் என்ற இடத்தில் எங்கள் முகவரியை எழுதி அனுப்பினால் எப்படியோ, அப்படி. பத்து வீட்டுக்காரர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடை இலக்கம் என்றால் பாரிஸ் அழைப்பு என்று எடுத்துக் கதைத்தார்கள். பதினோராவது வீடு நெளுக்குளத்தில் இருந்தது. அந்த வீட்டுக்காரி ஒரு திங்கட்கிழமை சைக்கிளில் கடைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார்.

"தம்பி, நேற்று விடிய எங்கட வீட்டுக்கு நீங்களோ அடிச்சனீங்கள்?"

"இல்லை அக்கா. ஏன்?"

"உங்கட கடை நம்பர் காட்டிச்சுது. ஒரு ரிங்கோட கட்டாகிட்டுது."

"அது உங்கட அவர்தான் அடிச்சிருப்பார். எங்களுக்குள்ளாலதானே வாறது."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் விளக்கினேன். கம்பனி, திருப்பிவிடுவது, உறை, முகவரி எல்லாம் சொன்னேன். என் விளக்கங்கள் எப்போதும் நீளமானவை. அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அவர் அடிச்சால் அவரின்ரை நம்பர் வரோணும். கடை நம்பர் வந்தால் அது கடை. நான் கடைக்காரனோடயோ குடும்பம் நடத்திறன்?"

போட்டோகொப்பி மெசினுக்குப் பின்னால் நானா சிரித்த சத்தம் கேட்டது. எனக்குக் காது சுட்டது.

அவருடைய கணவர் நாலு வருடமாகப் பாரிஸில். விசா இல்லை. ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. சனிக்கிழமை இரவு வேலை முடிந்து, சட்டி பானை கழுவி, அறைக்குத் திரும்பும் நேரத்தில் இங்கே ஞாயிறு காலை எட்டு மணி இருக்கும். அப்போது ஒரு ரிங்கட். சுகமாக இருக்கிறேன், பிடிபடவில்லை, வேலை இருக்கிறது என்ற மூன்று செய்தியும் அந்த ஒரு மணிச் சத்தத்துக்குள் இருந்தன. மாதக் கடைசியில் தொலைபேசிக் காட் வாங்கி வீட்டுக்கு நேரே அடித்து ஆறுதலாகக் கதைப்பார். ஆனால் கடைசியாகக் கதைத்தபோது இருவருக்கும் பிடுங்குப்பாடு. நாடு கிடக்கிற கிடையில் மகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் இரு என்று அவர் சொல்ல, வயலை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று இவர் சொல்ல, அப்படியென்றால் இனிக் கதைக்கவும் மாட்டேன் என்று அவர் வைத்துவிட்டார். ஆகவே இப்போது அந்த வீட்டுக்கு ரிங்கட் ஒன்றுதான் மிச்சம். அதில் கடை இலக்கம் வந்தால் அந்த மனுசி என்ன செய்யும்? இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு எனக்கு அவர் தொல்லை கொடுக்கிற வாடிக்கையாளர் மட்டுமே.

புதுக் கம்பனிக்கு மெயில் எழுதினேன். அடித்தவரின் உண்மையான இலக்கத்தை நாங்கள் அனுப்புகிறோம், நீங்கள் ஏன் அதை அழித்துவிட்டு எங்களுடையதைப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். எங்களிடம் பதிவு செய்த இலக்கத்தை மட்டும்தான் காட்டலாம், மற்றவருடைய இலக்கத்தைக் காட்டினால் யார் யாருடைய பெயரிலும் அழைப்பு எடுக்கலாமே என்று பதில் வந்தது. நியாயமான பதில். எனக்கு அப்போது அது மடத்தனமாகப் பட்டது. அவர்களிடமே ஒரு வழி இருந்தது. அழைப்பைத் திருப்பிவிடுகிறவர் யார், முதலில் அடித்தவர் யார் என்று இரண்டையும் வெவ்வேறு இடத்தில் எழுதி அனுப்ப ஒரு முறை உண்டு. அதற்கு அவர்கள் எங்களை நம்பிக் கதவைத் திறந்துவிட வேண்டும். கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமையும் அக்கா வந்தார். அதற்கடுத்த திங்கட்கிழமையும் வந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கம்பனியின் இணையப் பக்கத்தை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. ஒரு படிவத்தை நிரப்பினால் கூடுதலாக ஓர் இலக்கத்தை எங்களுடையது என்று பதிவு செய்யலாம். யாரும் சரிபார்க்கவில்லை. நான் அவருடைய கணவரின் பாரிஸ் இலக்கத்தைப் பதிந்தேன். பிறகு எங்கள் கணினிப் பட்டியலில் நெளுக்குளம் வீட்டுக்கு நேரே, இந்த வீட்டுக்குப் போகிற அழைப்பில் இந்த இலக்கத்தைக் காட்டு என்று எழுதினேன். அந்த வீட்டுக்கு எங்களுக்குள்ளால் அடிக்கிறவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தானே என்பது என் கணக்கு. ஐந்து நிமிட வேலை. எழுதி முடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டேன். இலக்கத்தை வீட்டுக்கு எழுதினேன், ஆளுக்கு எழுதவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதே நாட்களில் வேறொரு பழக்கமும் எனக்கு வந்தது. புதுக் கம்பனியின் இணைப்பு இடைக்கிடை செத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமைதான் பாரிஸ் அழைப்புகள் கூட. அதனால் ஞாயிறு காலை எட்டு மணியளவில் கடை திறந்ததும், கடை மேசைத் தொலைபேசியிலிருந்து அதே கணினி வழியாகப் பதினொரு வீட்டுக்கும் ஒவ்வொரு ரிங் விட்டுப் பார்த்துத் துண்டிப்பேன். ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஏன் கடை இலக்கம் விடியக்காலமை அடிக்கிறது என்று மற்ற வீடுகளில் கேட்டார்கள், சோதித்துப் பார்க்கிறேன் என்று சொன்னேன். நெளுக்குளத்து அக்கா கேட்கவில்லை. கேட்க அவருக்குக் காரணமும் இருக்கவில்லை.

இலக்கத்தை மாற்றி முதல் ஞாயிறு கழிந்து அவர் கடைக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. ஒரு கடதாசிச் சரையில் வறுத்த கச்சான் கடலை கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, அவரின்ரை நம்பர் வந்திட்டுது. அதுவும் ரெண்டு தரம் அடிச்சவர். கோவம் தீர்ந்திட்டுது போல."

இரண்டு தரம் என்றதும் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியிருக்க வேண்டும். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. நான் கச்சானை உடைத்துத் தின்றுகொண்டு, பார்த்தீங்களா அக்கா என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தரம்தான் அடித்தது. மாதக் கடைசியில் நேரே கதைக்கிற அழைப்பு வரவில்லை. அதை அவர் ஒரு முறை கடைக்கு வந்தபோது சொன்னார். "மனுசன் சொன்ன சொல்லில நிக்குது. கதைக்க மாட்டாராம். ஆனா ஞாயிறு எட்டு மணிக்கு அடிக்க மறக்கிறேல்லை. அவர் கதைக்கும்வரைக்கும் நானும் அவருக்குக் கோல் எடுக்க மாட்டன், பாப்பம் ஆர் வெல்லுறதெண்டு." சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு புதன்கிழமை, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தன் மகனின் அழைப்பு வீட்டுக்கு வருவதில்லை என்று முறையிட்டார். நான் கணினியின் அழைப்புப் பதிவைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி. முதல் நிரலில் உண்மையில் எங்கிருந்து வந்தது என்று இருக்கும். இரண்டாவதில் எந்த இலக்கம் காட்டப்பட்டது. மூன்றாவதில் எந்த வீட்டுக்குப் போனது. கடைசியில் நேரம். வாத்தியாரின் மகனைத் தேடிக்கொண்டு போகும்போது நெளுக்குளம் வரி ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாம் நிரலில் கணவரின் இலக்கம். முதலாம் நிரலில் எங்கள் மேசைத் தொலைபேசி.

மேலே போனேன். போன ஞாயிறும் அப்படி. அதற்கு முந்தின ஞாயிறும் அப்படி. அக்கா இரண்டு தரம் என்று சொன்ன அந்த முதல் ஞாயிறு மட்டும் அவருடைய அழைப்பும் இருந்தது; அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு. அந்த ஐந்து கிழமைக்குள் அவருடைய இலக்கத்திலிருந்து எங்களுக்கு ஒரு அழைப்புக்கூட வரவில்லை. அவர் சுகமாக இருக்கிறார் என்று ஐந்து தரம் அந்த வீட்டுக்கு அறிவித்தது நான்.

வாத்தியாரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கணவரின் இலக்கத்துக்கு அடித்தேன். பதிவு செய்த ஒரு பெண்குரல் பிரெஞ்சில் ஏதோ சொன்னது. மொழி தெரியாவிட்டாலும் விசயம் விளங்கியது: அந்தத் தொலைபேசி இயங்கவில்லை. வியாழன் அடித்தேன். வெள்ளி அடித்தேன். சனி மூன்று தரம் அடித்தேன். அதே பெண்குரல். விசா இல்லாத ஆளின் தொலைபேசி ஐந்து கிழமை இயங்காவிட்டால் என்னவெல்லாம் ஆகியிருக்கலாம் என்று கடையில் இருந்தே நான் ஒரு பட்டியல் போட்டுவிட்டேன். ஒன்றும் நல்லதாக இல்லை.

யாருக்கும் சொல்லவில்லை. நானாவுக்கும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாளில் ஆளைப் பிடித்துவிடலாம், பிடித்தால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.

ஞாயிறு வந்தது. கடை திறந்து பத்து வீட்டுக்கு ரிங் விட்டுப் பார்த்தேன். பதினோராவதுக்குக் கை போகவில்லை. எட்டு மணி ஆனது. அந்த வீட்டில் தொலைபேசியையே ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எட்டு மணி ஆகி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எட்டு மூன்றுக்கு நான் அடித்தேன். ஒரு ரிங் விட்டுத் துண்டித்தேன். அதைச் சோதனை என்று சொல்ல முடியாது.

அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை. திங்கள் காலை நானா கடைக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டு முடித்தார்.

"அந்தப் புள்ளை ஒரு மாசத்துக்கு மேல புருசன் நல்லா இருக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது. அவன் எங்க கிடக்கிறானோ. தேடவேண்டிய ஆளைத் தேடவிடாமச் செய்துபோட்டு இஞ்ச இருந்து முழுசிறாய். போ. இப்பவே போய்ச் சொல்லு."

"நீங்களும் வாறீங்களோ நானா?"

"அடிச்சது நீ. நானேன்?"

நெளுக்குளத்துக்குச் சைக்கிளில் போனேன். வழியில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி, எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு ஒரு வீட்டில் தொலைபேசி திருத்தப் போகிறேன் என்றேன். அக்கா முற்றத்தில் பாயில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே வாரும், தேத்தண்ணி போடுறன் என்றார். வேண்டாம் அக்கா என்று முற்றத்திலேயே நின்று சொன்னேன். வழமைபோல நீளமாக இல்லை. நாலு வசனம்.

அவர் கையில் ஒட்டியிருந்த மிளகாய் விதையைத் தட்டிவிட்டார்.

"எத்தினை ஞாயிறு?"

"அஞ்சு அக்கா. புதன்கிழமைதான் எனக்குத் தெரியும்."

"நேற்றும் அடிச்சது."

"நேற்றும் நான்தான்."

"புதன்கிழமை தெரியுமெண்டீர்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ அடிச்சனீர்?"

"ஓம் அக்கா."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அஞ்சும் பிழை. பிழை ஆருக்கும் வரும். நேற்றையது பிழையில்லைத் தம்பி," என்றார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிற கணவரின் மச்சான் ஒருவரின் இலக்கம் அதில் இருந்தது. கதவைப் பூட்டினார். தன் சைக்கிளில் ஏறி எனக்கு முன்னால் மிதித்தார். கடை வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பரப்பின மிளகாய் முற்றத்தில் அப்படியே கிடந்தது.

கடையிலிருந்து அக்கா அடித்துச் சொல்ல, மச்சான்காரர் கணவரின் அறைக்குப் போனார். அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். வேலை செய்த இடத்துக்குப் போனார். அங்கே முதலில் அப்படி ஒருவரைத் தெரியாது என்றார்கள். அந்த நாலு நாளும் அக்கா காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே கடைக்கு வந்து, பள்ளிக்கூடம் விடும் நேரம்வரை கூட்டுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் குடிக்கவில்லை. நானா கொடுத்தால் குடித்தார்.

வியாழக்கிழமை ஆள் கிடைத்தார். உயிரோடு. உணவகத்தின் நிலவறைப் படியில் சூப்புப் பானையோடு சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. தொலைபேசியும் நொறுங்கிவிட்டது. வீட்டு இலக்கமும் மச்சானின் இலக்கமும் எங்கள் பாரிஸ் இலக்கமும் அதற்குள்தான் இருந்தன, மனதில் இருக்கவில்லை. இன்னொருவருடைய வதிவிட அட்டையைக் காட்டி வேலை செய்ததால் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெயரிலேயே கிடந்தார். சொந்தப் பெயரைச் சொல்லப் பயம். அதனால்தான் தேடியவருக்கு நாலு நாள் எடுத்தது.

மறுநாள் கணவர் மச்சானின் தொலைபேசியிலிருந்து கதைத்தார். அக்கா கூட்டுக்குள் நின்று கதைத்ததை நான் கேட்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் முதுகுதான் தெரிந்தது. ஒரு கட்டத்தில் கதவைத் திறந்து ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நீரே சொல்லும்."

சொன்னேன்.

"தம்பி," என்றார், "நான் கிடந்த கிடையில ஒண்டைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான். இத்தினை கிழமை ரிங்கட் இல்லை, வீட்டில ஒருத்தரும் தேடேல்லை. கொழும்புக்கு வா எண்டு பேசினதுக்கு இவ்வளவு கோவமோ, நான் செத்தாலும் பரவாயில்லையோ எண்டு. இப்ப நீர்தான் காரணமெண்டு கேக்க, கோவிக்காதையும், எனக்குச் சந்தோசமாக் கிடக்கு."

ரிசீவரை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் போட்டோகொப்பி மெசினில் தாள் நிரப்பினேன். ஏற்கனவே நிறையத் தாள் இருந்தது.

நெளுக்குளம் வீட்டுக்கு நான் எழுதியிருந்த இலக்கத்தை அந்தத் திங்கட்கிழமையே அழித்துவிட்டேன். கம்பனிக்கு இன்னொரு மெயில் எழுதினேன். இந்த முறை அவர்களை மடையர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதவில்லை. அவர்களுடைய படிவத்தில் இருந்த ஓட்டையைச் சொன்னேன், அதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று சொன்னேன், ஒரு வீட்டுக்கு என்ன நடந்தது என்று சொன்னேன். மூன்றாம் நாள் அங்கிருந்து ஒருவர் எனக்கே அடித்தார். படிவத்தை அடைத்துவிட்டார்கள். எங்களுக்கு அந்தக் கதவையும் திறந்துவிட்டார்கள்: முதலில் அடித்தவரின் இலக்கம் அதற்குரிய இடத்தில், திருப்பிவிடுகிற எங்கள் இலக்கம் அதற்குரிய இடத்தில். வீட்டுத் திரையில் அடித்தவர்தான் தெரிவார். நான் சோதித்தால் நான்தான் தெரிவேன்.

கணவருக்கு மச்சான் ஒரு புதுத் தொலைபேசி வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் சோதித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. அக்கா கம்பியில்லாத தன் வீட்டுத் தொலைபேசியை அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு மகளோடு கடைக்கு வந்தார். மகளுக்கு எட்டு வயது இருக்கும். அவள் நானாவின் மெசினுக்குள் போய்வருகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா என் மேசைக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைக்கு இந்தக் கதை ஒண்டும் சொல்லேல்லை. அப்பா விழுந்திட்டார் எண்டு மட்டும்தான் தெரியும். நீர் கடைசியா அடிச்ச ஞாயிறு அவளின்ரை பிறந்தநாள். விடிய எழும்பின நேரம் தொடக்கம் போனை மடியில வைச்சுக்கொண்டிருந்தவள். அடிச்சதும் அப்பா மறக்கேல்லை எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவள். இப்ப, காலும் முறிஞ்சு கிடந்துகொண்டு எனக்கு அடிச்சவர் எண்டு பள்ளிக்கூடத்திலயும் சொல்லுறாள்."

அவர் மகள் நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"அது அவர் அடிச்சதாவே இருக்கட்டும். அவருக்கும் சொல்லிட்டன். உம்மில எனக்குக் கோவம் போகேல்லை. ஆனா அதை அவளிட்டையிருந்து பறிக்க எனக்கு ஏலாது."

"ஓம் அக்கா," என்றேன்.

தொலைபேசி அடித்தது. ஒரு ரிங். திரையில் கணவரின் புது இலக்கம் முழுதாக வந்தது. அக்கா அதைக் கொப்பியோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார். என் வேலை முடிந்துவிட்டது. மகள் மேசைக்கு ஓடிவந்து கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, ஆர் ஆர் அடிச்சது எண்டு எல்லாம் இதுக்குள்ள இருக்குமோ?"

"இருக்கும்."

"என்ரை பிறந்தநாளுக்கு அப்பா அடிச்சது?"

காட்டாமல் விட ஒரு காரணம் தேடினேன். கரண்ட் போகும் என்று பார்த்தேன். அன்றைக்கென்று பார்த்துப் போகவில்லை. பதிவைத் திறந்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போனேன். நெளுக்குளம் வரி வந்தது. அவள் என் கதிரையின் ஓரத்தில் முழங்காலை ஊன்றி ஏறினாள். நான் திரையில் தூசி துடைப்பவன்போல இடது கையைத் தூக்கி முதல் நிரலின் மேல் வைத்துக்கொண்டேன். அவள் இரண்டாம் நிரலில் விரலை வைத்து, அப்பாவின் பழைய இலக்கத்தை ஒவ்வொன்றாக, சத்தமாக வாசித்தாள். அது அவளுக்கு மனப்பாடம். ஒன்றும் பிழைக்கவில்லை.

"அப்பாதான்," என்றாள். "எட்டு மணி மூண்டு நிமிசம். என்ன மாமா?"

அக்கா அவளுக்குப் பின்னால் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை," என்றேன். "அப்பாதான்."

அவள் இன்னொரு முறை வாசிக்கத் தொடங்கினாள். வாசித்து முடித்துக் கதிரையிலிருந்து இறங்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.